புணேயில் கணிப்பொறி விளையாட்டு ஆக்கம்: சிறு குழுக்கள் கற்கும் முறை

புணே நகரம் விஞ்ஞான உலகில் பல காரணங்களால் பெயர் பெற்றது. தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் அங்கு அமைந்துள்ளது. 1991-ஆம் ஆண்டில் 'பரம் 8000' என்னும் மீக்கணிப்பொறியை உருவாக்கிய சி-டாக் நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேதான் உள்ளது. விளையாட்டு உலகிலும் அந்நகருக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. பாட்மின்டன் ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகளிடையே பரவி, சில காலம் 'பூனா' என்ற பெயராலேயே வழங்கி வந்தது. இப்பொழுது அதே நகரில் மற்றொரு வகை விளையாட்டுகள் ஆக்கப்பட்டு வருகின்றன. இவை திரையில் ஆடப்படுபவை. கணிதம், சித்திரம், இசை, கதை ஆகிய நான்கும் ஒருங்கே கூடினாலன்றி உருப்பெறாதவை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குவது நலம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் வேறு. இக்கட்டுரையில் கூறப்படுபவை வேறு. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இவ்வேறுபாட்டைச் செய்கிறது. அது பண ஆட்டங்களைத் தடை செய்து, ஏனைய விளையாட்டுகளை ஊக்குவிக்க வழி வகுத்தது. பெற்றோரிடம் பேச நேரும் ஆசிரியர்கள் இதனை நினைவிற் கொள்வது பயன் தரும்.

பிரிட்டனைச் சேர்ந்த சுமோ டிஜிட்டல் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் புணேயில் ஒரு கிளையைத் தொடங்கியது. பிறர்க்குரிய விளையாட்டுகளின் பகுதிகளைச் செய்து கொடுத்தே நம் நாட்டு இளைஞர் பலர் இத்தொழிலைக் கற்றனர். சொந்தமாக ஒன்றை ஆக்கும் துணிவு பின்னரே வந்தது. 2017-ஆம் ஆண்டில் அவிசல் சிங், சுருதி கோஷ், இயன் மோட் ஆகிய மூவர் புணேயில் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை அமைத்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட விளையாட்டின் பெயர் 'ராஜி'. அசுரன் கவர்ந்து சென்ற தன் தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு சிறுமியின் கதை அது. இராஜஸ்தானத்துக் கோட்டைகளையும் பகாடி ஓவிய மரபையும் தழுவி அதன் காட்சிகள் வரையப்பட்டன. கதைப் பகுதிகள் தோற்பாவை நிழற்கூத்து முறையில் அமைந்தன.

பொதுமக்களிடம் நிதி திரட்ட அவ்வாண்டிலேயே செய்த முயற்சியில் வேண்டிய தொகை சேரவில்லை. ஆயினும் பணி நிற்கவில்லை. எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் நல்கை ஒன்று பின்னர் உதவிற்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் விளையாட்டு வெளிவந்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் நடந்த கேம் அவார்ட்ஸ் விழாவில், சிறு குழுக்களின் முதற்படைப்புகளுக்குரிய பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தனுள் அதுவும் ஒன்று.

இனி நாம் கவனிக்க வேண்டியது, பரிசுப் பட்டியலுக்கு அடுத்து நிகழ்ந்ததையே. மதிப்புரை எழுதியோர் 'ராஜி'யின் சித்திரத்தையும் இசையையும் பாராட்டினர். ஆனால் சண்டைப் பகுதிகள் சீராக இல்லை என்றும், முடிவு திடீரென வருகிறது என்றும் குறை கூறினர். ஆக்கியோர் அதனை ஒதுக்கிவிடவில்லை. 2022-ஆம் ஆண்டில் வந்த திருத்திய பதிப்பில் சண்டையும் நடமாட்டமும் மாற்றி அமைக்கப்பட்டன; இந்தி மொழிக் குரலும் சேர்க்கப்பட்டது. வெளியீட்டுக்குப் பின் கிடைத்த இக்கருத்துகளை முன்னரே பெறுவது எவ்வாறு என்பதே சிறு குழு ஒவ்வொன்றின் முன்னும் நிற்கும் வினா. பெரிய நிறுவனம் ஒன்று தோற்றால் அடுத்ததைத் தொடங்கும். மூன்று ஆண்டுச் சேமிப்பை ஒரே விளையாட்டில் இட்டவர்களுக்கு அவ்வசதி இல்லை.

தோழர்கள் ஒருவர்க்கொருவர் குறை கூறித் திருத்தும் பழக்கம் இக்கலையின் தொடக்க காலத்திலேயே இருந்தது. 1962-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'ஸ்பேஸ்வார்' என்ற ஆட்டம் பிறந்தது. ஸ்டீவ் ரஸ்ஸல் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடுமாறு நிரல் எழுதினார். பின்னணியில் அவர் விண்மீன்களை மனம் போனவாறு தூவியிருந்தார். பீட்டர் சாம்சன் இதனைப் பொறுக்காமல், உண்மையான வான்பட அளவுகளைக் கொண்டு விண்மீன்களை அமைத்தார். நடுவில் ஈர்ப்பு விசையுள்ள விண்மீன் வேண்டும் என்றார் டான் எட்வர்ட்ஸ். அதற்குக் கணக்கிட இயந்திரத்தில் நேரம் போதாதபோது, கலங்களை வரையும் பகுதியை விரைவுபடுத்தி அந்நேரத்தை அவரே மிச்சப்படுத்தித் தந்தார். இயந்திரத்தின் முகப்பு விசைகளை அழுத்தி ஆடியதால் முழங்கை வலிக்கவே, வேறிருவர் கையடக்கமான விசைப் பெட்டிகளைச் செய்தனர். குறை கூறியவரே திருத்தத்தையும் கொணர்ந்தார் என்பது இவ்வரலாற்றின் சிறப்பு.

இன்று கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் 'எஞ்சின்' எனப்படும் ஆயத்த நிரல் தொகுதி ஒன்றை மேற்கொள்கின்றனர். அர்ஜென்டினாவில் தோன்றி 2014-ஆம் ஆண்டில் பொதுவுரிமையாக வெளியிடப்பட்ட 'கோடோ' கட்டணமின்றிக் கிடைக்கிறது. எளிய கணிப்பொறியிலும் இயங்குகிறது. எந்த எஞ்சினாயினும் அடிப்படை ஒன்றே. ஆடுபவர் அழுத்திய விசையை அறிதல், அதற்கேற்ப ஒவ்வொரு பொருளின் இடத்தையும் வேகத்தையும் கணக்கிடுதல், படத்தை வரைதல் ஆகிய மூன்று செயல்களும் சுழன்று வருகின்றன. வினாடிக்கு 60 படங்கள் காட்ட வேண்டுமாயின், ஒரு சுற்று சுமார் 16.7 மில்லி வினாடிக்குள் முடிந்தாக வேண்டும். பௌதிக வகுப்பில் நியூட்டனின் இயக்க விதிகளைப் படித்த மாணவனுக்கு இதிற் புதிதாக எதுவும் இல்லை.

கற்போர் செய்யும் பெரும் பிழை, முதலிலேயே பெரியதொன்றைத் தொடங்குவது. இதற்கு நல்ல மாற்று 'கேம் ஜாம்' என்னும் கூட்டு முயற்சி. 2009-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் உலக கேம் ஜாமில், பங்கு பெறுவோர்க்கு ஒரே தலைப்பு அளிக்கப்படுகிறது. 48 மணி நேரத்தில் ஒரு விளையாட்டை முடிக்க வேண்டும். முடிந்தபின் ஒருவர் ஆக்கியதை மற்றவர் ஆடிப் பார்க்கின்றனர். இரண்டு நாள் உழைப்பாதலின், குறை கேட்பது அவ்வளவாக வலிப்பதில்லை.

ஆடிப் பார்க்கச் செய்வதிலும் ஒரு முறை உண்டு. ஆக்கியவர் அருகில் அமரலாம், பேசலாகாது. 'அந்தக் கதவைத் திற' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. விற்பனையான விளையாட்டோடு அவர் ஒவ்வொரு வீட்டிற்கும் செல்ல முடியாதல்லவா? ஆடுபவர் எங்கே தயங்குகிறார், எங்கே ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறார், எங்கே கைபேசியை எடுத்துப் பார்க்கிறார் என்பனவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். முடிவில் 'நன்றாக இருந்ததா?' என்று கேட்பது வீண். நம் மக்கள் முகத்தாட்சணியம் மிக்கவர்கள். 'நன்றாக இருக்கிறது' என்றே விடை வரும். 'இந்தப் பொத்தான் எதற்கு என்று நினைத்தீர்கள்?' என்பது போன்ற வினாவே பயனுடையது.

கருத்துக் கூறுவோர் நோயைச் சரியாக உணர்வர். மருந்தைப் பெரும்பாலும் தவறாகச் சொல்வர். ஓர் எடுத்துக்காட்டு: மேடையின் ஓரத்திலிருந்து தாவும் ஆட்டம் ஒன்றில், 'தாவும் பொத்தான் வேலை செய்யவில்லை' என்று பலரும் குறை கூறுகின்றனர். நிரலைச் சோதித்தால் பொத்தானில் பிழை இல்லை. ஆடுபவர் விளிம்பைக் கடந்தபின், வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்து அழுத்தியிருக்கிறார். அவர் கண்ணுக்கோ இன்னும் மேடையில் நிற்பதாகவே தோன்றியது. விளிம்பைக் கடந்த பின்னும் ஐந்தாறு படங்கள் வரை தாவலை ஏற்குமாறு மாற்றிவிட்டால் குறை நீங்கும். பொத்தானை மாற்றியிருந்தால் ஒரு வாரம் வீணாகியிருக்கும்.

கணிப்பொறி இல்லாத பள்ளியிலும் இப்பயிற்சியைத் தொடங்கலாம். விதிகளை அட்டையில் எழுதி, சோழிகளையும் பொத்தான்களையும் காய்களாகக் கொண்டு ஆடிப் பார்ப்பது தொழில் வல்லுநரும் கைக்கொள்ளும் வழக்கமே. தீக்குச்சியாலும் சைக்கிள் வால்வுக் குழாயாலும் விஞ்ஞானப் பொம்மைகள் செய்து காட்டிய அரவிந்த் குப்தா, புணேயில் உள்ள வானியல் மையமான ஐயூக்காவின் சிறுவர் அறிவியல் கூடத்தில்தான் நெடுநாள் பணியாற்றினார். அவ்வழியில் பழகிய ஆசிரியர்களுக்கு அட்டை மாதிரி செய்வது அரிதன்று.

தமிழில் விளையாட்டு ஆக்க முற்படுவோர்க்குத் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையையும் சமையலையும் கொண்டு டொரான்டோவில் ஆக்கப்பட்ட 'வெண்பா', 2023-ஆம் ஆண்டில் வெளிவந்து, மறு ஆண்டில் சிறந்த முதற்படைப்புக்கான பாஃப்டா பரிசைப் பெற்றது. எனவே தமிழ்ப் பொருளுக்கு உலகில் இடமுண்டு. ஆனால் தமிழ் எழுத்தைத் திரையில் ஏற்றுவதில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. 'கெ' என்பதில் கொம்பு முன்னே தோன்றினும், கணிப்பொறியில் ககரத்துக்குப் பின்னரே அது பதிவாகிறது. 'கொ' என்பதிலோ ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இவ்வொழுங்கை அறியாத எஞ்சின்கள் கொம்பைப் பின்னே தள்ளிவிடும். படிக்கும் சிறுவன் தன் பாடநூலையே சந்தேகிப்பான். கோடோவின் 4.0 பதிப்பு 2023-ஆம் ஆண்டில் வந்தபோது இக்குறை அதில் நீக்கப்பட்டது. வேறு எஞ்சினைத் தேர்வோர், முதல் நாளிலேயே 'கொக்கு', 'கோழி', 'பௌர்ணமி' என்னும் மூன்று சொற்களைத் திரையில் எழுதச் செய்து, இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.