பாட்டுக்கு யார் பட்டாதாரர்?

ஒரு திரைப்பாட்டு காதுக்கு ஒன்றுதான், சட்டத்துக்கு மூன்று. கவிஞர் எழுதிய வரிகள் ஒரு படைப்பு. இசையமைப்பாளர் போட்ட மெட்டு இன்னொன்று. இரண்டையும் பாடகர் குரலில் பதிவு செய்த ஒலிப்பதிவு மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனியாகப் பதிப்புரிமை உண்டு. வரிகளையும் மெட்டையும் பேணி, அவற்றைப் பயன்படுத்துவோரிடம் பணம் வசூலித்து, படைத்தவருக்குப் பங்கு கொடுக்கும் தொழிலுக்குத்தான் இசைப் பதிப்பு, அதாவது மியூசிக் பப்ளிஷிங், என்று பெயர். ஒலிப்பதிவை விற்கும் ஆடியோ கம்பெனியின் தொழில் வேறு. தமிழ்த் திரையிசையில் இரண்டையும் ஒரே நிறுவனம் செய்வது வழக்கமாகிவிட்டதால் இந்த வேறுபாடு பலருக்கும் தெரிவதில்லை.

கொங்கு மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. கோவை மாவட்டத்தில் பிறந்து, பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பேரூர் தமிழ்க் கல்லூரியில் படித்த புலமைப்பித்தன், 1968இல் வெளிவந்த 'குடியிருந்த கோயில்' படத்தில்தான் பாடலாசிரியராக அறிமுகமானார். இசை எம்.எஸ். விஸ்வநாதன். வரிகளுக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை, படைத்தவர் காலமான பின் அறுபது ஆண்டுகள் நீடிக்கும். கணக்கு அடுத்த ஜனவரியில் தொடங்கும். புலமைப்பித்தன் மறைந்தது 2021இல். ஆகவே அவர் வரிகளின் உரிமை 2081 இறுதிவரை உயிரோடிருக்கும். விஸ்வநாதன் 2015இல் மறைந்ததால் மெட்டின் உரிமை 2075 வரை. ஒலிப்பதிவின் கணக்கோ வெளியான ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள்தான், எனவே அது 2028 முடிவில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பழைய இசைத்தட்டை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்று நினைத்தால் அது தவறு. உள்ளே இருக்கும் வரிகளுக்கும் மெட்டுக்கும் அனுமதி அப்போதும் வேண்டும்.

மேலை நாடுகளில் இந்தத் தொழில் இசைக்குறிப்புத் தாள்களை அச்சிட்டு விற்றதில் பிறந்தது. இசைத்தட்டு வருவதற்கு முன்பே பதிப்பாளர்கள் அங்கே வேரூன்றிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அச்சில் விற்றது, தியேட்டர் வாசலில் காசுக்குக் கிடைத்த பாட்டுப் புத்தகம். அதில் மெட்டுக்கு இடமில்லை. மெட்டைக் கொண்டுசென்றது இசைத்தட்டு. அது கிராமபோன் கம்பெனியின் பொருள். ஆகவே படைத்தவருக்கும் சந்தைக்கும் நடுவே நின்று அவருக்காகக் கணக்குப் பார்க்கும் பதிப்பாளர் என்று தனியாக ஒருவர் அன்று இங்கே உருவாகவே இல்லை.

கோயம்புத்தூர் ஸ்டுடியோக்களின் காலம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் படமெடுத்தபோது இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. எம்.ஜி.ஆர். கதாநாயகனான 'ராஜகுமாரி' (1947) அங்கே உருவானதுதான். அதே ஜூபிடரில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த இளைஞர் விஸ்வநாதன். அவர் போட்ட மெட்டுகள் நாயுடுவின் பெயரில் படத்தில் இடம்பெற்றதும், ஜூபிடர் கோவையைவிட்டுச் சென்னைக்குப் போகும்போது நாயுடுவே அந்த உண்மையைச் சொல்லி அவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்ததும் திரையுலகில் எல்லோரும் சொல்லும் செய்தி. நாயுடு பெரிய மனிதர். ஆனால் ஒரு மெட்டு யாருடையது என்பது ஒருவரின் பெருந்தன்மையை மட்டும் நம்பியிருந்தது என்பதே அன்றைய நிலை. சம்பளம் வாங்கியதோடு கவிஞர், இசையமைப்பாளர் கணக்கு முடிந்தது. படம் எத்தனை ஊரில் ஓடினாலும், பாட்டு எத்தனை வானொலியில் ஒலித்தாலும் மேற்கொண்டு எதுவும் வராது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் இதை உடனே மாற்றவில்லை. படைப்பாளிகளுக்காக வசூல் செய்ய 1969இல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் மும்பையில் தொடங்கப்பட்டது. திரைப்பட அதிபர்கள் எதிர்த்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1977இல் தீர்ப்பு வந்தது: பணம் கொடுத்துப் படத்துக்காகப் பாட்டு எழுதவும் இசையமைக்கவும் வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே. அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கலைஞர்கள் கைவிடப்பட்டதை உணர்ந்து, நாடாளுமன்றம் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று தனிக்குறிப்பு எழுதினார். நாடாளுமன்றத்துக்கு 35 ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த இடைவெளியில்தான் தமிழ்த் திரையிசையின் பொற்காலம் கழிந்தது. கேசட் யுகம் முழுவதும் அதற்குள் அடங்கும்.

2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் தொழிலின் அடித்தளத்தை மாற்றியது. தியேட்டரில் படத்தோடு ஒலிப்பது தவிர, மற்ற எல்லாப் பயன்பாட்டுக்கும் கவிஞரும் இசையமைப்பாளரும் உரிமையாளருக்குச் சமமாக ராயல்டி பெற வேண்டும். இந்த உரிமையை அவர்களே விட்டுக்கொடுக்க நினைத்தாலும் செல்லாது. வாரிசுகளுக்கோ வசூல் சங்கத்துக்கோ மட்டுமே கொடுக்கலாம். இவ்வளவு உறுதியான பாதுகாப்பு படைப்பாளிகளுக்கு அதுவரை கிடைத்ததில்லை. 2017இல் ஐ.பி.ஆர்.எஸ். புதிய சட்டத்தின்கீழ் மீண்டும் பதிவு பெற்றது. நிர்வாகச் செலவு போக நூறு ரூபாய் மிஞ்சினால் 50 பதிப்பாளருக்கு, 25 கவிஞருக்கு, 25 இசையமைப்பாளருக்கு என்பது அதன் பங்கீடு.

பணம் பல வாய்க்கால்களில் வருகிறது. அவிநாசி சாலை ஓட்டலில் ஒலிக்கும் பாட்டு, பண்பலை ஒலிபரப்பு, டிக்கெட் வைத்து நடக்கும் மெல்லிசைக் கச்சேரி ஆகியவற்றுக்கு வருவது பொது நிகழ்த்தலுக்கான கட்டணம். இதற்கு அனுமதி வாங்க வேண்டியவர் பொதுவாக நிகழ்ச்சி அமைப்பாளர். பண்பலை நிலையங்கள் ஒலிப்பதிவுக்கு மட்டுமல்ல, வரிகளுக்கும் மெட்டுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. நகலெடுப்பதற்கும் இணையத்தில் ஸ்ட்ரீமிங் செய்வதற்கும் தனிக் கட்டணம். விளம்பரத்திலோ வேறு படத்திலோ பழைய பாட்டைச் சேர்த்தால், உரிமையாளரிடம் பேசி முடிவுசெய்யும் தொகை. மறுபதிவு செய்து வெளியிட விரும்புவோர், முதல் பதிவுக்குப் பின் ஐந்தாண்டு கழிந்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கொடுத்தால் சட்டமே வழிவிடுகிறது.

மதச் சடங்குகளுக்கும், திருமண ஊர்வலத்துக்கும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் சட்டம் விலக்கு அளிக்கிறது. மாரியம்மன் நோம்பிக்குக் கோயிலில் பாடுவதற்கு உரிமத் தொகை கேட்டு யாரும் வர முடியாது. அதே நோம்பியையொட்டி டிக்கெட் வைத்து இன்னிசைக் கச்சேரி நடத்தினால் அது வேறு.

இந்தக் கட்டணங்கள் எல்லாவற்றையும் திரட்டித் தருவதுதான் பதிப்பாளரின் அன்றாட வேலை. ஒவ்வொரு படைப்பையும் எழுதியவர், இசையமைத்தவர், பங்கு விகிதத்தோடு பதிவு செய்கிறார். ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்றும் படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்றும் உலகப் பொது எண்கள் உள்ளன. டொரண்டோவில் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டுக்குக் கனடாவின் சோக்கன் சங்கம் வசூலித்த தொகை சென்னைக் கவிஞரை வந்தடைவதற்கு இந்தப் பதிவே ஆதாரம். பெயர் எழுத்துப்பிழையாக இருந்தாலே பணம் வழியில் தேங்கும்.

நாட்டார் இசையில் நிலைமை சிக்கலானது. பொன்னர் சங்கர் கதை, வள்ளி கும்மிப் பாட்டு போன்ற மரபுப் படைப்புகளுக்கு உரிமையாளர் என்று தனி ஒருவர் இல்லை. ஆனால் பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. அது 1994 திருத்தத்தில்தான் வந்தது. காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965இல் ஆய்வாளர் பிரெண்டா பெக் பொன்னர் சங்கர் கதையான அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தபோது, பாடிய கலைஞருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லை. இன்றைய கலைஞருக்கு இருக்கிறது. அவர் புதிதாகக் கட்டிய வரிகளுக்கும் மெட்டுக்கும் முழுப் பதிப்புரிமையும் உண்டு. வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தபின் இந்தக் கலைக்குப் பார்வையாளர்கள் பெருகியிருக்கிறார்கள். கும்மி அரங்கேற்றங்கள் யூடியூபில் ஏறுகின்றன. பாட்டைக் கட்டிய ஆசிரியர் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது குழுக்களின் பொறுப்பு.

கையெழுத்திடும் இடத்தில் கவனம் வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகளுக்கு மட்டும், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'உலகம் முழுவதும், என்றென்றைக்கும், எல்லா ஊடகங்களிலும்' என்ற மூன்று தொடர்கள் ஒப்பந்தங்களில் அடிக்கடி வருவது அதனால்தான். புதிதாகப் பாட்டெழுதும் இளைஞர்கள் கையெழுத்துப் போடுமுன் அந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். அவற்றுக்கு ஈடான தொகை எழுதப்படவில்லை என்றால், கையெழுத்துப் போடாதீர்கள்.