கெல்ப் இல்லாத கடல்: பழுப்புக் கடற்பாசிகளின் வாழிடமும் தமிழ்ப் பெயர்களும்

மாசிமகத்தை ஒட்டி ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கடல் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக்கு எழுந்தருள்வது நெடுங்கால வழக்கம். உள்நாட்டு ஊரொன்றைக் கடலோடு பிணைக்கும் அவ்வழக்கத்தின்போது அடியார்கள் காணும் கரை, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட மணலும் சேறுமான கரையாகும். அலையாத்தி மரங்கள் செழிக்கும் அக்கரை பெரும் பழுப்புக் கடற்பாசிகள் நிலைகொள்ள ஏற்றதன்று. அவற்றிற்கு வேண்டுவது பாறை.

பாசியின் அடியிலுள்ள பற்றுறுப்பு, நிலத்தாவரத்தின் வேரைப்போல நீரையும் உப்பையும் உறிஞ்சுவதில்லை. பாறையையோ இறந்த பவளத்தையோ பற்றிக்கொள்வது மட்டுமே அதன் பணி. உணவுப்பொருள்களை உடல் முழுவதும் கடல்நீரிலிருந்து நேரடியாக ஏற்கிறது. ஆகவே பற்றுறுப்பை 'வேர்' எனப் பெயர்த்தல் பொருந்தாது.

பழுப்புப் பாசிகளுள் லாமினேரியேலிஸ் வரிசையைச் சார்ந்தனவே 'கெல்ப்' எனப்படுகின்றன. கலிபோர்னியா, சிலி முதலிய குளிர்கடற் கரைகளில் வளரும் மேக்ரோசிஸ்டிஸ் 40 மீட்டருக்கும் மேல் நீண்டு, தக்க சூழலில் நாளொன்றுக்கு அரை மீட்டர் அளவும் வளர்கிறது. கண்ணுக்குப் புலப்படும் இப்பேருருவம் அதன் வாழ்க்கையின் ஒரு பாதியே. அது வெளியிடும் வித்துகள் முளைத்து, நுண்ணோக்கியால் மட்டும் காணத்தக்க ஆண், பெண் இழைகளாகின்றன. அவற்றின் கருவுறுதலாலேயே மீண்டும் பெரும்பாசி தோன்றுகிறது. குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் இன்றி இச்சுழற்சி நிறைவேறாது. தமிழகக் கடலில் கெல்ப் வளராமைக்குப் பாறைக் குறைவினும் நீரின் வெம்மையே முதன்மைக் காரணம்.

மன்னார் வளைகுடாவின் பாறைகளிலும் பவளத்திட்டுகளிலும் வளர்பவை பியூக்கேலிஸ் வரிசையைச் சார்ந்த சர்காசம், டர்பினேரியா ஆகியவை. இவற்றுக்குத் தனித்து வாழும் நுண்ணிழைப் பருவம் இல்லை. இனப்பெருக்கச் செல்கள் தாய்ப்பாசியின் சிறு குழிகளிலேயே உருவாகின்றன. கெல்ப்புடன் இவை பகிர்ந்துகொள்வன பழுப்பு நிறத்தைத் தரும் பியூக்கோசாந்தின் நிறமியும் செல்சுவரிலுள்ள ஆல்ஜினேட்டும் ஆகும். துணி அச்சிடுதலுக்கும் பல் அச்செடுத்தலுக்கும் பயன்படும் அந்த ஆல்ஜினேட்டுக்காகவே மண்டபம் பகுதியில் இவை சேகரிக்கப்படுகின்றன.

மொழிபெயர்ப்புகளில் 'கெல்ப்' பொதுவாகக் 'கடற்பாசி' என்றே அமைகிறது. கஞ்சிப்பாசி போன்ற செம்பாசிகளுக்கும் அச்சொல்லே வழங்குவதால், கடலடிக் காடுகள் பற்றிய செய்தியைப் படிப்பவர் அவற்றை மண்டபத்திலும் எதிர்பார்க்க நேர்கிறது. 'கெல்ப்' என்பதை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்வது குறைந்த தீங்குடையது.

சேகரிப்போர் வழக்கோ தெளிவானது. அவர்கள் சர்காசத்தைக் கட்டக்கோரை என்றும் டர்பினேரியாவைப் பக்கோடாப் பாசி என்றும் வழங்குகின்றனர். டர்பினேரியா என்னும் அறிவியற்பெயர் பம்பரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தடித்த அதே இலையில் அறிஞர் பம்பரத்தைக் கண்டனர். பாசியெடுக்கும் பெண்கள் பக்கோடாவைக் கண்டனர். பின்னையதே கண்முன் விரைந்து உருக்கொள்கிறது எனலாம். சர்காசம் வைட்டியை என்னும் இனப்பெயரோ, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலார் இராபர்ட் வைட்டின் நினைவைத் தாங்குகிறது. பாசியின் உருவைப் பற்றி அது ஏதும் உரைப்பதில்லை.

பெயரைப் போலவே உறுப்பைக் குறிக்கும் சொல்லும் நடைமுறையைத் தொடுகிறது. சர்காசத்தின் பற்றுறுப்பை விட்டு மேற்பகுதியை மட்டும் அறுத்தால் அதிலிருந்து புதிய தண்டுகள் துளிர்க்கும். பற்றுறுப்போடு பெயர்த்தெடுத்தால் அந்த இடம் வெறும் பாறையாகும். 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் பாசியெடுப்புத் தடைக்குரியது. எல்லைக்கு வெளியே வரம்பு அறுப்பவரின் கையில் உள்ளது. அவருக்கு எழுதப்படும் கையேட்டில் 'வேர்' என்றிருந்தால் அது களையைப் பிடுங்குவதையே நினைவூட்டும். 'பற்று' என்றிருந்தால் எதை விட்டுவைக்க வேண்டும் என்பது சொல்லிலேயே விளங்கும்.