கேஸ் டேங்கை தண்ணீர் நிரப்பி சோதிப்பது ஏன்? பிரஷர் வெசல் ரகசியம்!

உர ஆலை, சுத்திகரிப்பு நிலையங்களில் நிற்கும் ராட்சத எஃகு உருளைகளைப் பார்த்திருப்பீங்க. அதுதான் பிரஷர் வெசல். உள்ளே கடும் அழுத்தத்தில் வாயு. வெல்டிங் பிசகினால் வெடிகுண்டுதான்!

எப்படி செய்றாங்க?

எஃகுத் தகட்டை ரோலரில் வளைத்து உருளையாக்கி, இரு முனையிலும் குழிவான மூடியை வெல்டிங் செய்வாங்க. இதில், நீளவாக்கில் ஓடும் வெல்டிங் மீதான இழுவிசை, சுற்றுவாக்கில் ஓடும் வெல்டிங்கைவிட 2 மடங்கு. அதனால் அங்கே கவனம் அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத குறை?

வெல்டிங்குக்குள் இருக்கும் காற்றுக் குமிழியை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். மெல்லிய விரிசலை அல்ட்ராசோனிக் சோதனை பிடித்துவிடும்.

தண்ணீர் எதுக்கு?

கடைசியாக தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட கூடுதலாக ஏற்றுவாங்க. தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது. விரிசல் விட்டாலும் கசிந்து, அழுத்தம் சட்டென இறங்கிடும். காற்று அப்படியில்லை. ஸ்பிரிங் மாதிரி சுருங்கி, உடைந்தால் சீறி வெடிக்கும்.

விதிகள் வந்தது எப்படி?

1905 மார்ச் 20. அமெரிக்காவின் பிராக்டன் நகர காலணி ஆலையில் பாய்லர் வெடித்து 58 பேர் பலி. அதன் பிறகே அங்கு விதிகள் இறுகின. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1915-ல் முதல் பாய்லர் விதித்தொகுப்பை வெளியிட்டது. இந்தியாவில் 1923-ல் பாய்லர் சட்டம் வந்தது.

ஆலையில் வேலை பார்க்கிறீங்களா? வெசல் மீதுள்ள தகட்டில் உச்ச அழுத்த அளவு இருக்கும். அதைத் தாண்டக்கூடாது. அனுமதி இல்லாமல் அதன் மேல் சின்ன கொக்கியைக்கூட வெல்டிங் வைக்காதீங்க!