ஒன்பது உயிர், ஓர் உருவம்!

பென்சிலால் படம் வரையும்போது கோடு கோணலாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி வரைவீர்கள். அழிக்கவே முடியாத ஓவியம் ஒன்று இருக்கிறது. அதுதான் பனை ஓலை ஓவியம்!

ஒடிசா மாநிலத்தில் பூரி நகரத்துக்கு அருகே, பார்கவி ஆற்றங்கரையில் ரகுராஜ்பூர் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே வீட்டுக்கு வீடு ஓவியர்கள்தான். அவர்களைச் 'சித்திரகாரர்' என்பர். துணியில் தீட்டும் படத்துக்குப் 'பட்டசித்ரா' என்று பெயர். ஓலையில் கீறுவது 'தால பட்டசித்ரா'. தாலம் என்றால் பனை.

எப்படி வரைகிறார்கள்?

முதலில் ஓலையை மஞ்சள் கலந்த நீரில் கொதிக்க வைத்து, நன்றாக உலர்த்துவார்கள். மஞ்சள் சேர்ந்தால் பூச்சி அரிக்காது. ஓலை அகலம் குறைந்தது அல்லவா? அதனால் பல ஓலைகளை வரிசையாக அடுக்கி, நூலால் தைத்துக் கொள்வார்கள். மடித்தால் விசிறி போல மடியும். விரித்தால் பெரிய படம்!

பிறகு இரும்பு எழுத்தாணியால் கோடு கீறுவார்கள். கீறியவுடன் கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக் கரியைக் குழைத்து ஓலை முழுவதும் பூசித் துடைப்பார்கள். கீறலுக்குள் மட்டும் கரி தங்கிவிடும். மாயம் போல் படம் பளிச்சென்று தெரியும். நம் தமிழ்நாட்டு ஓலைச்சுவடிகளும் எழுத்தாணியால் கீறி, மை பூசப்பட்டவைதான்.

சில ஓவியங்களில் வட்ட வட்டமாகச் சிறு மூடிகள் இருக்கும். விரலால் தூக்கினால், அடியில் இன்னொரு படம் ஒளிந்திருக்கும்!

படத்தின் பொருள் என்ன?

தசாவதாரம், கண்ணன் லீலை, ராமாயணம், பூரி ஜகந்நாதர் ஆகியவற்றை அதிகம் வரைவார்கள். ஜகந்நாதர் கறுப்பு நிறம்; அண்ணன் பலபத்ரர் வெள்ளை; தங்கை சுபத்திரை மஞ்சள். ஜகந்நாதரின் பெரிய வட்டக் கண்களுக்கு இமை கிடையாது. இமைக்காமல் உலகைக் காக்கிறார் என்பது பக்தர்கள் நம்பிக்கை.

இன்னொரு படம் 'நவகுஞ்சரம்'. இதன் கதை, சாரளாதாசர் 15ஆம் நூற்றாண்டில் ஒடியா மொழியில் எழுதிய மகாபாரதத்தில் வருகிறது. மலையில் தவம் செய்த அர்ஜுனன் முன் விசித்திரமான விலங்கு ஒன்று வந்து நின்றது. சேவல் தலை, மயில் கழுத்து, காளையின் திமில், சிங்கத்தின் இடை, பாம்பு வால்! யானை, புலி, மான் ஆகியவற்றுக்கு உரிய மூன்று கால்கள். நான்காவது காலின் இடத்தில் மனிதக் கை. அந்தக் கையில் ஒரு தாமரை.

அர்ஜுனன் திகைத்து வில்லை எடுத்தான். அப்போது அந்தக் கை கண்ணில் பட்டது. "இது கண்ணனே!" என்று உணர்ந்து, வில்லைக் கீழே போட்டு வணங்கினான். எல்லா உயிரிலும் இருப்பவர் ஒரே கடவுள் என்பதே இந்தப் படம் சொல்லும் பொருள். புதிதாக ஒன்றைக் கண்டதும் பயந்து அடிக்கப் போகாமல், நன்றாக உற்றுப் பார்க்க வேண்டும் என்பதும் இதில் நமக்குள்ள பாடம்.

புயலுக்குப் பின்...

2019ஆம் ஆண்டு மே 3 அன்று ஃபானி புயல் பூரி அருகே கரையைக் கடந்தது. ரகுராஜ்பூரில் வீடுகள் சேதமடைந்தன. பல நாள் உழைத்து வரைந்த ஓவியங்களும் மழையில் பாழாயின. இருந்தும் அவ்வூர்க் கலைஞர்கள் தொழிலைக் கைவிடவில்லை. மறுபடியும் ஓலை எடுத்து, முதல் கோட்டிலிருந்து தொடங்கினர்.

குழந்தைகளே, நீங்களும் ஒன்று செய்யுங்கள். ரப்பரை எடுத்து வைத்துவிட்டுப் பேனாவால் ஒரு படம் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு கோட்டையும் போடும் முன் ஒரு கணம் யோசிப்பீர்கள். அந்தப் பொறுமைதான் ஓலை ஓவியரின் உண்மையான சொத்து!