14 நாள் எல்லை: கரு ஸ்டெம் செல் ஆராய்ச்சியின் அறச்சிக்கல்

கருவுற்ற முட்டை ஐந்தாம் நாளில் 100 முதல் 150 செல்கள் வரை கொண்ட, உள்ளே நீர் நிறைந்த ஒரு நுண்ணிய உருண்டையாக இருக்கும். அதன் வெளிச்சுவர் பின்னர் நஞ்சுக்கொடியின் பகுதியாகும். உள்ளே ஒரு பக்கமாகத் திரண்டிருக்கும் செல்களிலிருந்தே உடல் உருவாகும். இந்த உட்செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தால் கிடைப்பவையே கரு ஸ்டெம் செல்கள். அவை சலிக்காமல் பெருகும். நரம்பு, இதயத் தசை, இன்சுலின் சுரக்கும் செல் என எதுவாகவும் மாறும். ஆனால் வழக்கமான முறையில் அவற்றை எடுத்ததும் கரு அழிந்துவிடும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மனிதக் கருவிலிருந்து இச்செல்களை முதன்முதலில் பிரித்து வளர்த்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன். ஆண்டு 1998. செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சையில் மிஞ்சிப்போய், தம்பதிகள் ஆய்வுக்கென மனமுவந்து கொடுத்த கருக்களே அவருக்குப் பயன்பட்டன. இந்தச் சிகிச்சையில் தேவைக்கு அதிகமாகக் கருக்கள் உருவாவது வழக்கம். மிஞ்சியவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைக்கப்படுகின்றன.

எப்படியும் அழியப்போகும் கரு, நோய் தீர்க்கும் ஆய்வுக்காவது உதவட்டும் என்பது ஆதரவாளர்களின் வாதம். அழியப்போகிறது என்பதாலேயே அதை அழிக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். கருத்தரித்த கணத்திலிருந்தே மனித உயிருக்குரிய மதிப்பு உண்டு என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை. கரு 120ஆம் நாளில் ஆன்மா பெறுகிறது என்று இஸ்லாமிய அறிஞர் பலர் கொள்கின்றனர். யூத மரபு முதல் 40 நாள் கருவை முழு மனிதராகக் கருதுவதில்லை. வளர வளர மதிப்பும் கூடுகிறது என்பது தத்துவ அறிஞர் பலர் ஏற்கும் நடுவழி.

சட்டம் இந்த நடுவழியையே பிடித்துக்கொண்டது. தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான பிரிட்டிஷ் குழு, ஆய்வகத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று 1984இல் பரிந்துரைத்தது. 1990இல் அது சட்டமானது. சுமார் 15ஆம் நாளில் உடலின் அச்சைக் குறிக்கும் கோடு கருவில் தோன்றும். அதுவரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகவும் கூடும். நரம்பு மண்டலத்தின் சுவடே இருக்காது. ஆகவே அதற்கு முன் அதைத் தனியொரு ஆளாகக் கொள்ள முடியாது என்று குழு கருதியது.

ஜெர்மனி வேறு வழி கண்டது. உள்நாட்டில் ஆய்வுக்காகக் கருவை அழிப்பதைத் தடுத்துவிட்டு, 2002 ஜனவரி 1க்கு முன் வெளிநாடுகளில் உருவான செல்களை இறக்குமதி செய்துகொள்ள அனுமதித்தது. 2008இல் அந்தக் கெடு தேதியையும் 2007 மே 1க்கு நகர்த்தியது. தான் செய்யத் தயங்கிய செயலைப் பிறர் செய்து முடித்தபின் பலனை மட்டும் பெறலாமா என்ற கேள்வி அங்கே எழுந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் புஷ் 2001இல் ஏற்கெனவே உருவான செல்களுக்கு மட்டும் அரசு நிதி என்று வரம்பிட்டார். 2009இல் ஒபாமா அதைத் தளர்த்தினார்.

இந்திய வழிகாட்டு நெறிகள் மிஞ்சிய கருக்களைத் தம்பதியின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன் பயன்படுத்த அனுமதிக்கின்றன. 14 நாள் வரம்பும் உண்டு. 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கருக்களை 10 ஆண்டுக்கு மேல் சேமிக்க முடியாது. அதன்பின் அழியவிடலாம், அல்லது ஒப்புதலுடன் ஆய்வுக்குக் கொடுக்கலாம்.

அறச்சிக்கல் கருவோடு முடிவதில்லை. தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், நோயாளிகளுக்குப் பொருந்தும் ஸ்டெம் செல்களை உருவாக்கிவிட்டதாக 2005இல் அறிவித்தார். அது மோசடி என்று அம்பலமானது. ஆய்வுக்காக 2,000க்கும் மேற்பட்ட கருமுட்டைகள் பெறப்பட்டதும், கொடுத்த பெண்களில் சிலருக்குப் பணம் தரப்பட்டதும், அவரது ஆய்வகத்து இளம் ஆராய்ச்சியாளர்களே முட்டை கொடுத்ததும் வெளிவந்தன. மேலதிகாரிக்குக் கீழே வேலை பார்ப்பவர் தரும் ஒப்புதலை மனமுவந்த ஒப்புதல் என்று சொல்லிவிட முடியாது.

ஜப்பானின் ஷின்யா யமனகா நான்கு மரபணுக்களைச் செலுத்திச் சாதாரண உடல் செல்களையே ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார்: 2006இல் எலியில், 2007இல் மனிதரில். கருவை அழிக்கத் தேவையில்லாத இந்த வழிக்கு 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. என்றாலும் கரு ஸ்டெம் செல் வழக்கொழியவில்லை. அதிலிருந்து உருவாக்கிய நரம்புச் செல்களைப் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் செலுத்திய முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2025இல் வெளியாயின.

இதற்கிடையே 14 நாள் வரம்பும் ஆட்டம் காண்கிறது. 1984இல் எந்த ஆய்வகத்தாலும் கருவை 14 நாள் வளர்க்க முடியவில்லை. எனவே யாருக்கும் அது தடையாக இருக்கவில்லை. 2016இல் கேம்பிரிட்ஜ், நியூயார்க் ஆய்வகங்கள் 12, 13 நாள் வரை வளர்த்து, விதிக்குக் கட்டுப்பட்டு நிறுத்தின. 2021இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கம் 14 நாளுக்கு மேல் வளர்ப்பதைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. மக்கள் கருத்தறிந்து, ஒவ்வொரு ஆய்வையும் தனித்தனியே பரிசீலித்து முடிவெடுக்கலாம் என்றது. நாடுகளின் சட்டங்களை அந்தச் சங்கத்தால் மாற்ற முடியாது. எல்லையை நகர்த்துவதா, நகர்த்தினால் எந்த நாள் வரை, என்ன காரணத்துக்காக என்பதை இனி ஒவ்வொரு நாட்டு நாடாளுமன்றமும்தான் முடிவு செய்ய வேண்டும்.