நீர் வடிகட்டியைப் பேணுதல்

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் தூய நீர் ஆகாது. உப்பும் நுண்கிருமிகளும் அதில் புலப்படாமல் கலந்திருக்கக்கூடும். அவற்றை நீக்கும்பொருட்டு, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் வடிகட்டியை இன்று பல வீடுகளில் அமைத்துள்ளனர்.

இக்கருவியின் உயிர்நிலை அதன் சவ்வே ஆகும். அழுத்தத்துடன் செலுத்தப்படும் நீர் சவ்வைக் கடந்து செல்லும். உப்பின் பெரும்பகுதி பின்தங்கிக் கழிவுநீருடன் வெளியேறும். இம்முறைக்கு வழிவகுத்த சவ்வை 1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் உருவாக்கியோர் சிட்னி லோப், இந்தியரான சௌரிராஜன் என்னும் இருவர் ஆவர்.

சவ்வு மென்மையானது. ஆதலின், அதற்குக் காவலாக வேறு வடிகட்டிகள் முன்னே நிற்கின்றன. ஒன்று மண்ணையும் துருவையும் தடுக்கும். மற்றொன்றிலுள்ள கரி, குழாய்நீரில் கலந்துள்ள குளோரினை நீக்கும். இவற்றைக் காலத்தில் மாற்றாவிடின் சேறு சவ்வை அடைக்கும். குளோரின் அதனைச் சிதைக்கும். சிறுசெலவுக்கு அஞ்சியவர் பெருஞ்செலவை ஏற்க நேரும்.

பழுதுற்ற சவ்வின் வழியே வரும் நீரும் தெளிவாகவே தோன்றும். ஆகவே, கண்ணை மட்டும் நம்புதல் கூடாது. முன்வடிகட்டிகளை 6 முதல் 12 திங்களுக்கு ஒருமுறையும், சவ்வை 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்றுதல் பொதுவான வழக்கம். நீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் சிறுகருவி ஒன்று உண்டு. அதனால் திங்கள்தோறும் சோதித்து, அளவைக் குறித்து வைத்தல் வேண்டும். அவ்வளவு முன்னினும் மிகுந்து வருமாயின் சவ்வு தளர்ந்தது என அறியலாம். நீர் தேங்கும் தொட்டியையும் அவ்வப்போது கழுவுதல் வேண்டும். அழுக்குத் தொட்டியில் தூய நீரும் கெடும். கழிவுநீரை வீணாக்காது, தரை கழுவப் பயன்படுத்தலாம்.

கருவி நம்மைக் காக்க வேண்டுமாயின், அதனை நாம் காத்தல் வேண்டும்.