சுல்தான் வேஷத்தில் கோர்ட்டெஸ்!

செட் போட இடமில்லை என்று எந்த ஆர்ட் டைரக்டராவது அலுத்துக்கொண்டால், அவரை மெக்சிகோவின் ட்லாஸ்கலா நகரத்துக்கு அனுப்பிவைக்கலாம். 1539-ல் அங்கே நகரசபைக் கட்டடம் ஓர் ஆள் உயரம்தான் எழும்பியிருந்தது. அதற்குள் மண்ணைக் கொட்டி நிரவி, அதன் தலைமேலேயே ஜெருசலேம் நகரத்தைக் கட்டிவிட்டார்கள்! நான்கு மூலைக்கு நான்கு கோபுரம், நடுவில் பெரிதாக ஒன்று, சுற்றிலும் கொத்தளம் வைத்த மதில், ஜன்னலுக்கு ஜன்னல் பூ. இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டு படைகள் வந்து அடித்து நொறுக்கப்போகிற கோட்டைதான். அதற்காகப் பூ வைக்காமல் விட முடியுமா?

நாடகத்தின் பெயர் ‘ஜெருசலேம் வெற்றி’. நற்கருணைத் திருவிழாவுக்காகப் போடப்பட்டது. எழுத்து வேலையில் பிரான்சிஸ்கன் துறவிகளின் கை இருந்தது. மேடையிலும் மேடைக்குப் பின்னாலும் நின்றவர்கள் பூர்வகுடி மக்கள். ஆஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லான் ஸ்பானியர்களிடம் விழுந்து 18 வருடம்தான் ஆகியிருந்தது. ட்லாஸ்கலாக்காரர்கள் ஆஸ்டெக்குகளின் பரம வைரிகள், ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸோடு கைகோத்து அந்த நகரத்தையே வீழ்த்தியவர்கள். ஆனால் இரண்டு பேருக்கும் தாய்மொழி ஒன்று: நாஹுவாட்டல். படிக்கட்டுக் கோயில், பலி, பூ, ஆட்டம், விரதம் என்று வழிபாடும் பங்காளி வீட்டுச் சடங்கு மாதிரி ஒன்றையொன்று ஒத்தே இருந்தது. ட்லாஸ்கலாவின் பெரிய தெய்வம் கமாஷ்ட்லி. அந்தத் தெய்வத்தின் கோயில்கள் இடிந்து, மடங்களும் சிலுவைகளும் எழுந்துகொண்டிருந்த நேரம் அது.

கோயில் போய்விட்டது. கோயிலை அலங்கரித்த கைகள் எங்கே போகும்? அவை நேராக நாடகக் கொட்டகைக்கு வந்துவிட்டன.

இந்தக் கூத்தெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம் மொட்டோலினியா. 1524-ல் மெக்சிகோவில் வந்திறங்கிய பன்னிரண்டு பிரான்சிஸ்கன் துறவிகளில் ஒருவர். ட்லாஸ்கலாவில் குடியிருந்த ஒரு துறவியின் கடிதமாக அவருடைய புத்தகத்தில் இந்த வர்ணனை வருகிறது. அந்தத் துறவி அவரேதான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஷூட்டிங் ஸ்பாட்டுக்குப் போன நிருபர் மாதிரி எதையும் விடவில்லை மனிதர். அதற்கு முந்தைய வருடத் திருவிழாவில் வீதியில் கட்டிய பூ வளைவுகள் எத்தனை தெரியுமா? 1,068! மூன்று ஸ்பானியர்கள் மெனக்கெட்டு எண்ணியிருக்கிறார்கள்.

முதலில் ரிகர்சல் கதையைக் கேளுங்கள். 1538 ஜூன் மாதம், வியாழக்கிழமை நற்கருணைத் திருவிழா முடிகிறது. திங்கட்கிழமை புனித அருளப்பர் திருநாள். அதற்கு நான்கு நாடகம் வேண்டும்! வெள்ளிக்கிழமை முழுக்க வசனம் எழுதுவதிலேயே போய்விட்டது. மிச்சம் சனியும் ஞாயிறும். அந்த இரண்டே நாளில் நான்கையும் மனப்பாடம் செய்து திங்கட்கிழமை மேடையேறிவிட்டார்கள். ஓலைச்சுவடிபோல ஓவியச் சுவடியை விரித்துவைத்து, அதில் உள்ளதையும் இல்லாததையும் வாயாலேயே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த சமூகம். நான்கு நாடக வசனம் அவர்களுக்கு ஒரு பொருட்டா?

மனப்பாடம் மட்டுமில்லை, சொந்தச் சரக்கும் இருந்தது. அருளப்பர் பிறப்பு நாடகத்தில், வாய்பேச முடியாமல் போன அவருடைய அப்பா செக்கரியா, பிள்ளைக்குப் பெயர் எழுத எழுதுகோல் வேண்டும் என்று ஜாடை காட்ட வேண்டும். கூட இருந்தவர்கள் புரியாத மாதிரி பாசாங்கு செய்து, கேட்டதைத் தவிர மற்றதையெல்லாம் நீட்டியிருக்கிறார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாம். குழந்தை அருளப்பராக நடித்தது எட்டு நாள் சிசு. நாடகத்துக்கு நடுவிலேயே அதற்கு நிஜமாகவே ஞானஸ்நானம் கொடுத்து, ஜுவான் என்று பெயரும் வைத்து அனுப்பினார்கள். முதல் படத்திலேயே டைட்டில் ரோல் வாங்கிய அதிர்ஷ்டக்காரன்!

1539 ஈஸ்டர் வாரத்தில் ஆதாம் ஏவாள் நாடகம். ஏதேன் தோட்டத்தை அசல் மரங்களை வைத்து உண்டாக்கினார்கள். கிளைகளில் நிஜப் பழம், பொன்னாலும் இறகாலும் செய்த பழம் இரண்டும் தொங்கின. முயல்கள் காலுக்கடியில் ஓடின. ஒரே மரத்தில் மட்டும் பதினான்கு கிளிகளை எண்ணியதாகக் குறிப்பு இருக்கிறது. அந்தக் கிளிகள் போட்ட கூச்சலில் சில சமயம் வசனமே கேட்கவில்லையாம்! சவுண்ட் டிபார்ட்மென்ட்டின் தலைவலிக்கு வயது ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிருகங்களில் பாதி அசல், பாதி வேஷம். சிங்கத் தோலுக்குள் ஒரு பையன். அவன் கையில் கொடுத்திருந்த மான் மட்டும் நிஜம், செத்த மான். பாறைமேல் உட்கார்ந்து அதைப் பிய்த்துத் தின்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே இரண்டு பொல்லாத காட்டு விலங்குகள். பூனையும் இல்லை, சிறுத்தையும் இல்லை என்கிற ரகம். நல்லவேளை, கட்டித்தான் வைத்திருந்தார்கள். ஏவாளாக நடித்தவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு போய் அதில் ஒன்றின் மேலேயே இடித்துவிட்டார். அது மரியாதையாக விலகிக்கொண்டதாம். இந்த இடத்தில் துறவிக்குக் குறும்பு வந்துவிடுகிறது: நடந்தது பாவத்துக்கு முன்னால் என்பதால் பிழைத்தார், பின்னால் என்றால் கிட்டேயே போயிருக்க மாட்டார் என்கிற பொருள்பட ஒரு கிண்டல். நானூற்றி எண்பது சொச்சம் வருடம் கழித்துப் படிக்கும்போதும் அந்தச் சிரிப்பு தொற்றுகிறது.

ஆனால் ஆதாமைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றும் காட்சியில் கூட்டத்தில் பலர் அழுதுவிட்டார்கள் என்றும் எழுதுகிறார். பக்தியின் ஆழம் என்று அவருக்குத் தோன்றியது. எனக்கு அது மட்டும்தான் காரணம் என்று தோன்றவில்லை. இருந்த உலகத்தைக் கண்முன்னால் இழந்த தலைமுறை, தன் சொந்த மொழியில், ஒருவன் தன் உலகத்தை இழக்கிறதைப் பார்க்கிறது.

பாம்புகளும் உண்டு. திருவிழாவுக்காகச் செய்த செயற்கை மலைகளில் உயிருள்ள விஷப் பாம்புகளை விட்டிருந்தார்கள், ஒரு பாகம் நீளத்துக்கு!  பூர்வகுடி மக்கள் அவற்றைப் பறவையைத் தூக்குவதுபோலக் கையில் தூக்கிக்கொண்டு திரிந்தார்களாம். ரகசியம் ஒரு மூலிகை. அதைக் கொடுத்தால் பாம்பு மரத்துப்போய்க் கிடக்கும். பெயர் பிசியெட்ல், அதாவது காட்டுப் புகையிலை. பழைய கோயில் சடங்குகளில் பூசாரிகள் கையில் இருந்த அதே செடிதான்.

இப்போது மெயின் பிக்சருக்கு வருவோம். ஐரோப்பாவில் பேரரசர் ஐந்தாம் சார்லஸும் பிரான்ஸ் மன்னரும் 1538-ல் சமாதானமானார்கள். அதைக் கொண்டாட மெக்சிகோ நகரத்தில் ‘ரோட்ஸ் தீவு வெற்றி’ என்று ஒரு பிரம்மாண்ட நாடகம் போட்டார்கள். ட்லாஸ்கலாக்காரர்கள் அவசரப்படவில்லை. அவர்கள் என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று காத்திருந்து, பார்த்துவிட்டு, அதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஜெருசலேமைக் கையில் எடுத்தார்கள்.

கதைப்படி ஒரு பக்கம் ஸ்பெயின் படை, இன்னொரு பக்கம் புதிய ஸ்பெயின், அதாவது மெக்சிகோவின் படை. எதிரே ஜெருசலேம் சுல்தான். ஸ்பெயின் படையில் காஸ்டில், அரகோன், கலீசியா, நவார் என்று வரிசையாகப் பிரிவுகள். கடைசியில் ஜெர்மானியர், ரோமர், இத்தாலியர். காஸ்ட்யூம்? எல்லாருக்கும் ஒரே ஸ்பானியச் சிப்பாய் உடுப்பு! ஜெர்மானியரை நேரில் பார்த்தவர் யார், தைப்பதற்கு? ஆனால் சொந்தப் படை நுழைந்தபோது கதையே வேறு. ட்லாஸ்கலாவும் மெக்சிகோவும் முன்னணியில். பின்னால் உவாஸ்டெக், மிஸ்டெக், தராஸ்கர் என்று அவரவர் போர்க்கோலத்தில். நடித்தவர்கள் எல்லாரும் பிரபுக்கள், பெரிய குடும்பத்துத் தலைவர்கள். பெட்டியில் இருந்த விலைமதிப்பில்லாத இறகு அலங்காரம், சின்னம், கேடயம் அத்தனையும் அன்றைக்கு வெளியே வந்துவிட்டது. பாட்டன் காலத்தில் போர்க்களத்துக்கும் தெய்வத்தின் முன்னால் ஆடுவதற்கும் எடுத்த கோலம். இப்போது பாதிரியார் அனுமதியோடு!

சண்டைக் காட்சிக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் இதோ. வெயிலில் காயவைத்த மண் கலயங்களில் குழைத்த செங்காவியை நிரப்பி வீசினார்கள். பட்டவன் மேலெல்லாம் ரத்தம்! கோரைப் புல்லில் செய்த பெரிய உருண்டைகள், தடித்த சோளத்தட்டைகள் வேறு பறந்தன. சிவப்புச் சப்பாத்திக்கள்ளிப் பழமும் குறிபார்த்து எறியப்பட்டது. அம்பு நுனியில் சின்னச் சின்னப் பைகள் கட்டி, அதிலும் காவி. குத்தின இடமெல்லாம் சிவக்கும். ஹாலிவுட்டுக்கு முன்னாலேயே ரத்தப் பை கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு சலாம்.

இரண்டு படையும் முதலில் தோற்கிறது. தேவதூதர் வந்து தைரியம் சொல்கிறார். ஸ்பானியர்களுக்காகப் புனித சந்தியாகோ பனிபோல வெள்ளைக் குதிரையில் பாய்ந்து வருகிறார். பூர்வகுடிப் படைக்கு வருபவர் புனித இப்போலித்து. ஏன் அவர்? டெனோச்டிட்லான் விழுந்த ஆகஸ்ட் 13 அவருடைய திருநாள். தோல்வி நாளின் புனிதர், வென்றவர்களும் தோற்றவர்களும் சேர்ந்து நின்ற படைக்குத் தலைமை தாங்கி வருகிறார்!

காஸ்டிங் கிசுகிசு இனிமேல்தான். ஜெருசலேமை ஆளும் வில்லன், அந்தப் பெரிய சுல்தான் யார்? எர்னான் கோர்ட்டெஸ்! அவருடைய தளபதி? பேத்ரோ தே அல்வராடோ! நிஜ ஆட்கள் மேடையேறவில்லை, அவர்கள் வேஷத்தில் உள்ளூர்க்காரர்கள்தான் நடித்தார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. ஆக, மெக்சிகோவை வென்றவர் மேடையில் மெக்சிகோ படையிடம் தோற்று, கைகட்டி வந்து, கிறிஸ்தவராக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். இதை மறைமுகப் பழிவாங்கல் என்று படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1520-ல் டெனோச்டிட்லானின் பெரிய கோயில் திருவிழாவில் ஆயுதமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தவர்களை அல்வராடோ வெட்டிச் சாய்த்தபோது, ட்லாஸ்கலா வீரர்களும் அவரோடு நின்றவர்கள்தான். அதனால் அவ்வளவு சுலபமாக முடிச்சுப் போட முடியாது. அரசியல் வாசனையும் அடிக்கிறது: பூர்வகுடிப் படைக்குத் தலைவர் வேஷம் வைஸ்ராய் மெந்தோசாவுக்கு. அவருக்கும் கோர்ட்டெஸுக்கும் அப்போது ஆகாது. அடுத்த வருடமே கோர்ட்டெஸ் ஸ்பெயினுக்குக் கப்பலேறினார், திரும்பவில்லை. இன்னொன்று: ஸ்பெயின் படையின் தளபதி வேஷம் பெனவெந்தே பிரபுவுக்கு. மொட்டோலினியாவின் சொந்த ஊர் பெனவெந்தே. புத்தகத்தைச் சமர்ப்பித்ததும் அதே பிரபுவுக்குத்தான். ஸ்பான்சருக்கு நல்ல ரோல் கொடுக்கும் வழக்கம் புதிதில்லை, பாருங்கள்!

கிளைமாக்ஸில் சுல்தானோடு ‘துருக்கியர்கள்’ கூட்டமாகப் போப் வேஷக்காரர் முன்னால் வந்து ஞானஸ்நானம் கேட்கிறார்கள். ஒரு பாதிரியார் எழுந்து தண்ணீர் ஊற்றுகிறார். நிஜத் தண்ணீர், நிஜ ஞானஸ்நானம். அதற்கென்றே முன்கூட்டித் தயார்செய்து நிறுத்தியிருந்த பெரியவர்கள் அவர்கள்.

அதே நாளில் இன்னும் சில குட்டி நாடகங்கள். பறவைகளுக்குப் பிரசங்கம் செய்யும் புனித பிரான்சிஸை ஒரு ‘குடிகாரன்’ பாட்டுப் பாடித் தொந்தரவு செய்கிறான். பேய்கள் வந்து அவனை நரகத்துக்கு இழுத்துப் போகின்றன. அந்த நரகத்துக்குப் பின்பக்கம் ரகசியக் கதவு! எல்லாரும் நழுவிய பிறகு தீ வைத்தார்கள். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தவர்களே அலறல் கேட்டு நடுங்கினார்களாம். கடைசியில் ஆபிரகாம் மகனைப் பலியிடப்போகும் கதை. நரபலியை நேரில் கண்ட பெரியவர்கள் இன்னும் உயிரோடிருந்த ஊரில், கடைசி நொடியில் தடுக்கப்படும் ஒரு பலி! அந்தக் கூட்டத்தின் முகத்தைப் பார்க்க என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம். நம் நிருபரோ, நேரமாகிவிட்டது, நாடகமும் சின்னது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கோபம் வருகிறதா, இல்லையா?

நரகத்துக் கதவு என்றதும் சொல்லாமல் இருக்க முடியாதது ஒன்று. அதே 1539 நவம்பர் 30 அன்று, மெக்சிகோ நகரத்தில் டெஷ்கோகோவின் பிரபு தோன் கார்லோஸ் ஒமெடோச்சின் கம்பத்தில் கட்டி எரிக்கப்பட்டார். பழைய நெறியைப் பேசினார் என்பது குற்றம். தீர்ப்பு பிஷப் சுமாராகாவினுடையது. அங்கே பின்பக்கக் கதவு இல்லை.

இந்தக் காலத்தைத் திரையில் பார்க்க ஆசையென்றால் சால்வடோர் கராஸ்கோ இயக்கிய ‘லா ஒட்ரா கொங்கிஸ்தா’ (1998) இருக்கிறது. 1520 படுகொலையில் தப்பிய ஓர் ஆஸ்டெக் சுவடி ஓவியன், மடத்தில் அடைபட்டு, மாதா சிலையில் தன் பழைய தாய்த் தெய்வத்தைத் தேடுகிற கதை. நாஹுவாட்டலும் ஸ்பானியமும் பேசுகிறார்கள். ஓபரா பாடகர் பிளாசிதோ தொமிங்கோ பாட்டும் உண்டு. நல்ல படம். ஆனால் அதில் சிரிப்பு கிடையாது. ட்லாஸ்கலா மேடையின் கிளிக் கூச்சலும் கள்ளிப்பழ ரத்தமும் இன்னும் ஒரு நல்ல டைரக்டருக்காகக் காத்திருக்கின்றன.

மொட்டோலினியாவின் புத்தகம் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. முதல் பாகம், பதினைந்தாம் அத்தியாயம். முதலில் அதைப் படியுங்கள். பதிப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து தமிழில் கொண்டுவாருங்கள்.